ஆம்ப்புக்கு ஐம்பத்தேழு என்ற வேதவாக்கு

கிட்டார் ஆம்ப்பை ரெக்கார்டு செய்ய எந்த மைக் வாங்கலாம் என்று ஆரோவில் பக்கம் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். குயிலாப்பாளையத்தில் வீட்டின் பின்னறையை ஸ்டுடியோவாக்கிய இளைஞரும், கோட்டக்கரையில் கீற்றுக் கொட்டகைக்குள் ஒத்திகை பார்க்கும் குழுவும், புதுச்சேரியில் வாத்தியக் கடை வைத்திருப்பவரும் கேள்வி முடிவதற்குள் ஒரே பெயரைச் சொல்வார்கள்: ஷூர் எஸ்எம்57. ஸ்பீக்கரின் கிரில் துணியை ஒட்டி வை, கோனின் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளி வை, ரெக்கார்டு பட்டனை அழுத்து. காசு இருந்தால் பக்கத்தில் ராயர் ஆர்-121 ரிப்பன் மைக் ஒன்றையும் நிறுத்து. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை என்பார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் இதே தீர்ப்புதான்.

இந்தத் தீர்ப்பை நான் ஏற்கவில்லை. ஐம்பத்தேழு மோசமான மைக் என்பதால் அல்ல. அறை எப்படிப்பட்டது, ஆம்ப் எத்தனை வாட், வாசிப்பவரின் விரல் கம்பியில் என்ன செய்கிறது, பாட்டுக்கு என்ன வேண்டும் என்று எதையும் விசாரிக்காமல் சொல்லப்படும் பதில் என்பதால். மைக்கை முடிவு செய்வது ஒலிப்பதிவில் கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதை முதலில் முடித்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப வளைப்பது நம் ஊரில் பழக்கமாகிவிட்டது. மரக்காணம் உப்பளங்களிலிருந்து காற்று வீசும் இந்தக் கரையில், கீற்றும் மண்கல்லும் கொண்டு கட்டிய அறைகளில், கமகத்தோடு கிட்டார் வாசிக்கிறவர்கள் நடுவில், அந்தப் பழக்கம் நல்ல இசையைக் கெடுக்கிறது.

முதலில் வரலாற்று வாதத்தை எடுத்துக்கொள்வோம். "உலகத்தின் பெரிய கிட்டார் ரெக்கார்டுகள் எல்லாம் இந்த மைக்கில்தான் பதிவானவை" என்பார்கள். எஸ்எம்57 விற்பனைக்கு வந்தது 1965-இல். சக் பெர்ரியின் ‘ஜானி பி. குட்’ வெளியானது 1958-இல். பீட்டில்ஸ் உலகத்தையே ஆட்டிவைத்தது 1964-இல். நம் பக்கத்தில், கிட்டாரும் டிவிஸ்டும் துள்ளிய ‘காதலிக்க நேரமில்லை’ வந்ததும் அதே 1964-இல்தான். கிட்டார் என்றாலே காதில் என்ன விழ வேண்டும் என்பதை முடிவு செய்த அந்த ஒலிகள் பதிவானபோது இந்த மைக் பிறக்கவே இல்லை.

பிறந்த பிறகாவது எல்லோரும் அதற்கு மாறினார்களா என்றால், அதுவும் இல்லை. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் மார்ஷல் ஆம்ப்புகளைப் பதிவு செய்த எடி கிரேமர், பேயர்டைனமிக் எம்160 என்ற ரிப்பன் மைக்கையும் நாய்மன் யூ67 என்ற கண்டன்சரையும் வைத்தார். அந்தக் காலத்தில் ஹென்ட்ரிக்ஸ் அளவுக்குச் சத்தமாக வாசித்தவர்கள் வெகு சிலரே. அப்படிப்பட்ட ஆம்ப்புக்கு முன்னால், நம் ஊரில் "தொட்டாலே கிழிந்துவிடும்" என்று பயப்படும் ரிப்பனை நிறுத்தி எடுத்த ஒலியைத்தான் இன்றைய கிட்டார் பிள்ளைகள் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள்.

ஐம்பத்தேழு எதற்காக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஷூர் நிறுவனத்தின் எர்னி சீலர் 1959 வாக்கில் உருவாக்கிய யுனிடைன்-3 என்ற கேப்ஸ்யூலிலிருந்து வந்த மைக் அது. ஒளிபரப்பு ஸ்டுடியோக்களின் மனிதக் குரல்தான் அதன் முதல் குறி. அமெரிக்க அதிபரின் பேச்சு மேடையில் பல பத்தாண்டுகளாக நிற்பது அதுதான். அதன் அதிர்வெண் வரைபடத்தைப் பார்த்தால் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரிவும், 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏறத் தொடங்கி 6,000 ஹெர்ட்ஸ் வாக்கில் உச்சம் தொடும் ஒரு மேடும் தெரியும். அந்த மேடு பேச்சைத் துலக்குகிறது. மெய்யெழுத்துகள் தெளிவாக விழுகின்றன. பெரிய மேடைகளில் டிரம்ஸுக்கும் பேஸ் கிட்டாருக்கும் நடுவே கிட்டாரை முன்னால் கொண்டுவரவும் அது கைகொடுத்தது. விலை குறைவு, கீழே விழுந்தாலும் பிழைக்கும், பக்கத்து வாத்தியங்களின் ஒலியை ஓரளவு தள்ளி வைக்கும். சத்தமான மேடைக்குச் சரியான விடை அது. அந்த விடையைத் தூக்கிவந்து, எடையஞ்சாவடியில் ராத்திரி ஒன்பது மணிக்கு 5 வாட் ஆம்ப்பைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்காமல் வைத்து வாசிக்கிறவரின் அறையில் நிறுத்துவது எந்த விதத்தில் நியாயம்?

இனி ஸ்பீக்கருக்கு முன்னால் உட்காருவோம். விவாதம் தீர வேண்டிய இடம் அதுதான்.

கிட்டார் ஆம்ப்பின் 12 அங்குல ஸ்பீக்கர் வீட்டு மியூசிக் சிஸ்டத்தின் ஸ்பீக்கர் போல எல்லா ஒலியையும் ஒரே சீராகத் தருவதில்லை. 5,000 ஹெர்ட்ஸ் வாக்கிலேயே அதன் ஒலி செங்குத்தாகச் சரிந்துவிடும். அதற்குக் கீழேயும் எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி பரவாது. 4,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. கோனின் விட்டமோ 30 சென்டிமீட்டர். தன் அலைநீளத்தைப் போல் மூன்று மடங்கு அகலமான கோனிலிருந்து புறப்படும் ஒலி விரிந்து பரவாமல் ஒரு குறுகிய கற்றையாக நேரே பாயும். ஆம்ப் தரையில் இருக்கிறது, வாசிப்பவர் நிற்கிறார். அந்தக் கற்றை அவர் முழங்காலைத் தாண்டிப் போய்விடுகிறது. அவர் காதுக்கு எட்டுவது ஓரங்களிலிருந்து வரும் மழுங்கிய ஒலி. அது போதாமல் டிரெபிள் குமிழை ஏற்றுகிறார். ஏற்றிய டிரெபிள் முழுவதும், கிரில்லை ஒட்டி நிற்கும் மைக்கின் வாயில் நேராகப் போய் விழுகிறது. அந்த மைக்கோ அதே பகுதியில் தானும் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்கிற மைக். பதிவைப் போட்டுக் கேட்டால், "அண்ணா, காதுல குத்துது. நான் வாசிச்சது இது இல்ல" என்கிறார். உண்மைதான், அவர் கேட்டபடி வாசித்தது அது இல்லை. அவர் காது இருந்த இடத்தில் மைக் இல்லவே இல்லை.

இதற்கு ஊரில் சொல்லும் பரிகாரம் என்ன? "மிக்ஸிங்கில் ஈக்யூ போட்டுக் குறைத்துக்கொள்ளலாம்." குறைக்கலாம். ஆனால் 3,000-லிருந்து 6,000 ஹெர்ட்ஸ் வரை மொத்தமாக வெட்டினால் கம்பியின் உராய்வோடு சேர்ந்து கம்பியின் உயிரும் போகும். கமகம் வாசிப்பவர்களுக்கு இது பெரிய நஷ்டம். சுற்றுக்கம்பிகள் மேல் விரலை இழுத்து ஜாரு வாசிக்கும்போது எழும் கீச்சொலியில் பெரும்பகுதி சில ஆயிரம் ஹெர்ட்ஸ் வட்டாரத்தில்தான் விழுகிறது. ஐம்பத்தேழு மேடு கட்டித் தூக்கிக் காட்டுவதும் அந்த வட்டாரத்தைத்தான். ராக் இசையில் அந்தக் கீச்சொலி டிஸ்டார்ஷனுக்குள் மறைந்துவிடும். தோடியின் காந்தாரத்தைச் சுத்தமான டோனில் அசைக்கிறவருக்கு அது ஒவ்வொரு அசைவிலும் ஸ்வரத்துக்கு முன்னால் வந்து நிற்கும்.

எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசை என்பது இங்கே யாரோ ஒருவரின் விசித்திரமான ஆசை அல்ல. மரக்காணத்துக்கு வடக்கே, இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், செய்யூர் அருகே 2010-இல் சுவர்ணபூமி அகாதெமி ஆஃப் மியூசிக் தொடங்கியபோது அதற்கு உருவம் கொடுத்தவர் பிரசன்னா. எலெக்ட்ரிக் கிட்டாரில் கர்நாடக இசையை முழுமையாக வாசித்துக் காட்டியவர். ஹென்ட்ரிக்ஸுக்கு அஞ்சலியாக 2006-இல் ‘எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்’ என்ற ஆல்பத்தையும் கொண்டுவந்தார். ஜாஸும் ராகமும் ஒரே கூரையின் கீழ் சொல்லித்தரப்பட்ட ஒரு பள்ளி இந்தக் கடலோரத்தில் இருந்திருக்கிறது. அதன் பிறகும் நம் பையன்கள் ஆம்ப்புக்கு மைக் வைக்கும் முறையை மட்டும், வேறொரு நாட்டின் வேறொரு சத்தத்துக்காக உருவான சூத்திரத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். வாசிப்பில் சொந்தமாக ஒரு வழி கண்டுபிடித்தவர்கள் பதிவில் ஏன் இரவல் வழியில் போக வேண்டும்?

கோட்டக்கரையிலேயே ஸ்வரம் வாத்தியப் பட்டறை இருக்கிறது. காற்றுமணி செய்கிறவர் குழாயைத் தட்டிக் காதால் கேட்டுப் பார்த்துத்தான் அறுக்கிறார். அதே ஊரில், ஆம்ப்பை ஒருமுறை குனிந்து கேட்காமல் மைக் ஸ்டாண்டை நிறுத்துகிறோம்.

அறையைப் பற்றிப் பேசாமல் இந்த வாதம் முடியாது. மைக்கை கிரில்லோடு ஒட்டி வைக்கும் வழக்கம் எதற்காக? அறையை வெளியே தள்ளத்தான். சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை உள்ள பத்துக்குப் பத்து அறையில் மைக்கை ஒரு மீட்டர் தள்ளினால் பாத்ரூமில் வாசித்தது போல் கேட்கும் என்பது உண்மை. ஆனால் ஆரோவில் சுற்றுவட்டாரத்தில் எல்லா அறையும் அப்படி இல்லை. சவுக்குக் கம்பும் மூங்கிலும் வைத்துக் கீற்று வேய்ந்த கொட்டகையில் ஒலி சுவரில் மோதித் திரும்புவது மிகக் குறைவு. கீற்று விழுங்கிவிடும், மிச்சம் வெளியே போய்விடும். ஒலிப்பதிவுக்காரர்கள் லட்சக்கணக்கில் செலவழித்து ஃபோம் ஒட்டி வாங்கப் பார்க்கும் வறட்சி அங்கே சும்மா கிடைக்கிறது. அந்த இடத்தில் மைக்கை 40 சென்டிமீட்டரோ ஒரு மீட்டரோ பின்னால் கொண்டுவந்தால் கோனின் நடுவும் ஓரமும் கேபினெட்டின் மர அதிர்வும் ஒன்றாகக் கலந்த முழு ஒலி கிடைக்கும்.

கிட்டத்தில் வைத்தால் அந்தக் கலவை கிடைக்காது. முன்பக்க ஒலியை அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக்கை ஒட்டி வைத்தால், அது அண்மை விளைவால் அடிப்பகுதியையும் ஊதிக் காட்டும். ஒலிமூலத்துக்கு 6 மில்லிமீட்டர் அருகே வந்தால் 100 ஹெர்ட்ஸ் வாக்கில் 6 முதல் 10 டெசிபெல் வரை ஏறும். கிட்டாரின் ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ். அந்த ஏற்றம் எந்த ஸ்வரத்தின் தலையில் விழும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கீற்றுக் கொட்டகைக்குக் குறையும் உண்டு. வெளிச்சத்தம் தடையின்றி உள்ளே வரும். மழைக்காலத் தவளை, விடிகாலை மயில், பம்ப் செட், பொம்மையார்பாளையத்தைத் தாண்டும் லாரிகள். "அதனால்தான் ஐம்பத்தேழை ஒட்டி வைக்கிறோம்" என்று பதில் வரும். இங்கே மைக்கின் திசைக்குணத்தைப் பயன்படுத்தத் தெரிந்தால் வேறு வழி திறக்கும். கார்டியாய்டு மைக்குக்குச் செவிடான இடம் அதன் முதுகுப்புறம். சாதாரண ரிப்பன் மைக் எட்டு வடிவத்தில் கேட்கும். முன்னும் பின்னும் கேட்கும், இரு பக்கமும் ஏறக்குறைய முழுச் செவிடு. பம்ப் செட் இடப்பக்கம் இருக்கிறது என்றால், அந்தப் பக்கத்துக்கு ரிப்பனின் விலாவைக் காட்டி ஆம்ப்பைத் திருப்பி வைத்தால் போதும். இரைச்சலின் பெரும்பகுதி மைக்கிலேயே அடங்கிவிடும். இதை எந்த மாடல் பெயரும் சொல்லித்தராது. எழுந்து நடந்து, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால்தான் தெரியும்.

மண்கல்லில் கட்டிய வீடுகள் வேறு கதை. ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் 1989-இலிருந்து பரப்பிவரும் அழுத்திய மண்கற்களால் இங்கே எத்தனையோ வளைகூரைகளும் குவிமாடங்களும் எழுந்திருக்கின்றன. பார்க்க அழகு, உள்ளே குளிர்ச்சி. ஆனால் வளைந்த கூரை ஒலியை ஓரிடத்தில் குவிக்கும். அந்தக் குவியத்தில் தற்செயலாக மைக் நின்றால் சில ஸ்வரங்கள் வெடிக்கும், சில காணாமல் போகும். அங்கே கிட்டத்தில் வைப்பதுதான் நல்லது என்று நானும் சொல்வேன், அந்தக் கூரையின் கீழ் கைதட்டிப் பார்த்த பிறகு.

அடுத்தது உப்புக்காற்று வாதம். ஐம்பத்தேழின் ஆதரவாளர்கள் மிகவும் நம்பிப் பிடித்திருக்கும் வாதம் இது, பாதி உண்மையும் கூட. மரக்காணத்தில் உப்பெடுக்கிறவர்களுக்குக் காற்றின் ஈரம்தான் நாள்காட்டி. ஐப்பசி மழை தொடங்கினால் பாத்திகளில் வேலை நின்றுவிடும். அந்த ஈரமும் உப்பும் கடற்கரையோடு நின்றுவிடுவதில்லை, நம் அறைக்குள்ளும் வருகின்றன. கண்டன்சர் மைக்கின் கேப்ஸ்யூலில் மின்னேற்றம் நிற்கிறது. அதிரும் மெல்லிய சவ்வுக்கும் பின்தகட்டுக்கும் நடுவே தலைமயிர் அகலத்துக்கும் குறைவான இடைவெளி. சுற்றியுள்ள மின்தடை கோடிக்கணக்கான ஓம்கள். அங்கே ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசிந்து, பட் பட்டென்று வெடிக்கும் சத்தம் பதிவில் ஏறும். கார்த்திகை மாதத்தில் இந்தப் பக்கம் கண்டன்சர் வைத்திருக்கும் யாருக்கும் அந்தச் சத்தம் தெரியும்.

ஆனால் இதிலிருந்து "ஆகவே ஐம்பத்தேழு போன்ற டைனமிக் மட்டும்தான்" என்ற முடிவுக்குத் தாவுவது சோம்பேறித்தனம். ஈரம் பட்ட கண்டன்சர் பெரும்பாலும் செத்துப்போவதில்லை. உலர்ந்தால் மீண்டு வரும். உப்பு ஜாடியை எப்படி மூடி வைக்கிறோமோ அப்படி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வைத்து, பதிவு முடிந்ததும் மறுபடி உள்ளே வைத்தால் மழைக்காலத்தைத் தாண்டிவிடும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் வாங்கினால், எப்போது வறுத்து உலர்த்த வேண்டும் என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

ரிப்பன் மைக்குக்கோ இந்த ஈரத் தொல்லையே இல்லை. அதன் உள்ளே மின்னேற்றம் எதுவும் கிடையாது, காந்தத்துக்கு நடுவே தொங்கும் மெல்லிய அலுமினியத் தாள் மட்டும்தான். அதன் எதிரி காற்று. இரண்டு மைக்ரான் வாக்கில் மெலிந்த அந்தத் தாளை மின்விசிறியின் நேரடிக் காற்றும், படாரென்று சாத்தும் கதவும் நீட்டிவிடும். பழைய வகை ரிப்பனில், கேபிளில் கோளாறு இருக்கும்போது ஃபேண்டம் பவரைப் போட்டாலும் ஆபத்து. படுக்க வைத்தால் நாளடைவில் தொய்ந்துவிடும், நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். இவ்வளவும் பழக்கத்தால் காக்கக்கூடிய விஷயங்கள். ஹென்ட்ரிக்ஸின் ஆம்ப்பைத் தாங்கிய ரிப்பனை நம்மால் ஒரு மின்விசிறியிடமிருந்து காப்பாற்ற முடியாதா?

டைனமிக் மைக் சாகாது என்பதும் கட்டுக்கதை. கடலோரத்தில் முதலில் போவது கேப்ஸ்யூல் அல்ல, கேபிள் மாட்டும் மூன்று பின்கள். பச்சைக் களிம்பு பிடித்து, தொட்டால் கரகரக்கும். அது ஐம்பத்தேழுக்கும் வரும், எந்த மைக்குக்கும் வரும். வாரம் ஒருமுறை துடைக்காதவருக்கு எந்த மைக்கும் நிலைக்காது.

"ஆம்ப் சத்தத்தைக் கண்டன்சர் தாங்காது" என்ற பயத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் போதும். நம் பையன்களின் அறைகளில் பாட்டுப் பதிவுக்காக ஏற்கெனவே இருக்கும் ஆடியோ-டெக்னிகா ஏடி2020 தாங்கும் உச்ச ஒலியழுத்தம் 144 டெசிபெல் என்று அதன் தயாரிப்பாளரே குறிப்பிடுகிறார். 5 வாட் ஆம்ப், ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 97 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் என்று வைத்துக்கொண்டால், முழுச் சத்தத்திலும் ஒரு மீட்டரில் 104 டெசிபெல் வரும். 10 சென்டிமீட்டருக்கு நெருங்கினாலும் 124-ஐத் தாண்டாது. இருபது டெசிபெல் இடம் மிச்சம். ஆனால் மிக உயர்ந்த விலையுள்ள நாய்மன் யூ87-இன் இன்றைய வடிவம் பேட் (உள்ளே வரும் ஒலியைக் குறைக்கும் சுவிட்ச்) போடாமல் 117 டெசிபெல் வரைதான் தாங்கும். ஆக, கண்டன்சர் என்ற இனத்தையே குற்றம் சொல்ல முடியாது. எந்தக் கண்டன்சர் என்று கேட்க வேண்டும். கையில் இருக்கும் மைக் நன்றாகவே வேலை செய்யும் என்னும்போது, ஐம்பத்தேழு இல்லை என்பதற்காகப் பதிவைத் தள்ளிப்போட்ட பிள்ளைகளை நினைத்தால் மனம் ஆறவில்லை.

ஐம்பத்தேழோடு ரிப்பனையும் சேர்த்து வைக்கும் பணக்கார யோசனையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு மைக்குகள் ஸ்பீக்கரிலிருந்து ஒரே தூரத்தில் இல்லாவிட்டால் ஒலி ஒன்றுக்கு முன்பும் மற்றதற்குப் பின்பும் போய்ச் சேரும். நம் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் ஓடுகிறது. வெறும் 10 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் 1,750 ஹெர்ட்ஸ் வாக்கில் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும், 5,200 வாக்கில் மறுபடி அழிக்கும். கிட்டாரின் பேச்சு தெளியும் இடமே அந்தப் பகுதிதான். லட்சத்தைத் தாண்டும் ரிப்பனை வாங்கி இப்படிப் பறிகொடுப்பதைவிட, ஒரே மைக்கைச் சரியான இடத்தில் வைப்பது ஆயிரம் மடங்கு மேல்.

சரியான இடம் என்று ஒன்று இருப்பதை 1985-இல் வந்த ‘மணி ஃபார் நத்திங்’ பாட்டின் பின்கதை காட்டுகிறது. மான்ட்செராட் தீவின் ஏர் ஸ்டுடியோவில், டயர் ஸ்ட்ரெயிட்ஸ் குழுவுக்காக நீல் டார்ஃப்ஸ்மன் மைக்குகளை வைக்கத் தொடங்கியிருந்தார். ஒன்று தரையைப் பார்த்து, இன்னொன்று ஸ்பீக்கரை விட்டு விலகி, மற்றொன்று வேறெங்கோ இருந்தது. சரிசெய்வதற்கு முன்பே மார்க் நாஃப்ளர் வாசித்த ஒலி பிடித்துப்போய், எதையும் தொடாமல் அப்படியே பதிவு செய்தார்கள். எண்பதுகளின் புகழ்பெற்ற கிட்டார் ஒலி எந்தப் பாடப்புத்தகமும் சொல்லாத இடத்திலிருந்து வந்தது. அங்கே வேலை செய்தது காது.

"மைக்கே தேவையில்லை, சாஃப்ட்வேரில் எல்லா கேபினெட்டும் இருக்கிறது" என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. அந்த சாஃப்ட்வேருக்குள் இருக்கும் கேபினெட் ஒலிகளையும் யாரோ ஒருவர், ஒரு அறையில், ஒரு மைக் வைத்துத்தான் பிடித்திருக்கிறார். அதில் பெரும்பாலானது ஐம்பத்தேழு. அவருடைய தேர்வை அவருடைய அறையோடு சேர்த்து வாங்குகிறோம், அவ்வளவுதான். ராத்திரி நேரப் பயிற்சிக்கு அது வசதி, மறுக்கவில்லை. அடையாளம் தேடும் ஒரு குழுவின் முதல் ஆல்பத்துக்கு அது போதாது.

அப்படியானால் என்ன செய்வது? ஆம்ப்பைத் தரையிலிருந்து எடுத்து ஒரு நாற்காலி மேல் வையுங்கள். சத்தத்தைப் பேசும் குரல் அளவுக்குக் குறையுங்கள். காதைக் கெடுத்துக்கொண்டு செய்யும் வேலை இது அல்ல. வாசிப்பவர் ஒரே சங்கதியைத் திரும்பத் திரும்ப வாசிக்கட்டும். நீங்கள் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, மற்றக் காதை ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு சாண் தூரத்தில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மெதுவாக நகருங்கள். இரண்டு விரற்கடை நகர்ந்தாலே வாத்தியம் மாறுவது தெரியும். பிறகு பின்னால் வாருங்கள். எந்த இடத்தில் வாசிப்பவரின் ஒலி அவர் மனதில் இருப்பதற்கு நெருங்கி வருகிறதோ, அந்த இடத்தில் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். இப்போது இடங்களை மாற்றிக்கொள்ளுங்கள். அவரும் அங்கே வந்து கேட்கட்டும், டிரெபிள் குமிழை அந்த இடத்தில் இருந்தபடியே திருப்பட்டும். அதற்குப் பிறகுதான் மைக். கையில் இருப்பதை அந்தக் கோட்டில் நிறுத்திப் பதிவு செய்து கேளுங்கள். காதில் கேட்டதைவிடக் கூர்மையாக வந்தால் ரிப்பனோ, மேடு குறைந்த டைனமிக்கோ தேவை. பத்து மீட்டர் தள்ளியிருக்கும் பம்ப் செட்டும் கேட்டால் திசைக்குணத்தை மாற்ற வேண்டும். ஒலி சரியாக வந்தால் எதையும் வாங்கத் தேவையில்லை.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பாட்டுக்காகக் கண்டன்சர் ஒன்று வைத்திருப்பவர் முதலில் ஆம்ப்புக்கும் அதையே வைத்துப் பார்க்கட்டும், மிச்சமாகும் காசில் சிலிக்கா ஜெல்லும் நல்ல கேபிளும் கனமான ஸ்டாண்டும் வாங்கட்டும். அடிப்பகுதியைக் குறைக்கும் ஐந்து நிலை சுவிட்ச் உள்ள சென்ஹைசர் எம்டி421, முகத்தைச் சப்பையாக வைத்துக்கொண்டு மூன்று நிலையில் ஒலியை மாற்றித் தரும் இ906 இரண்டும், நம் விருப்பப்படி வளைந்து கொடுக்கும் டைனமிக்குகள். தனிக் கிட்டாரும் தம்பூராவுமாக வாசிக்கிறவருக்கு, இரவல் கிடைத்தால் கூட ஒரு ராத்திரியாவது ரிப்பனை வைத்துக் கேட்கச் சொல்வேன்.

ஐம்பத்தேழைத்தான் வாங்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். பறையும் டிரம்ஸும் பேஸும் ஒரே கொட்டகையில் ஒன்றாக அதிர, ஒரே டேக்கில் எல்லாரும் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்யும் குழுவுக்கு அதைவிடப் பொருத்தமான மைக் அந்த விலையில் இல்லை; அதன் மேடு அங்கே கிட்டாரைக் கூட்டத்திலிருந்து வெளியே கொண்டுவரும், ஒட்டி வைப்பது பறையைத் தள்ளி நிறுத்தும். அப்படிப்பட்டவர்கள் தயங்காமல் வாங்கட்டும். போலிகள் சந்தையில் ஏராளம் என்பதால் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம், பில்லோடு வாங்கட்டும். கடையிலேயே மிக்ஸரில் செருகி, உண்மையான ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசிப் பார்த்து, எடையையும் கையில் தூக்கிப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கட்டும்.